ஐந்து நிமிட ரயிலுக்கு ஒரு டிக்கெட்: ஜோகூர் பாரு – உட்லண்ட்ஸ் முன்பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அன்று பொது விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை என்றால் இரு நாட்டையும் இணைக்கும் ஜோகூர் கடற்பாலத்தில் எப்படிப்பட்ட கூட்டம் இருக்கும் என்று இங்கே வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். பேருந்தில் போனால் எத்தனை மணிநேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலில் போனால் ஐந்தே நிமிடம். ஆனால் அந்த ரயிலில் ஏற, பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட்டுக்கு அலைந்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் சிங்கப்பூரின் ஈசூனில், பாதிப் பேர் மலேசியாவின் ஜோகூர் பாருவில். டிக்கெட் எடுக்கும் வேலை பல வருடங்களாக என்னுடையது. இந்த முறை செப்டம்பரில் தொடங்கித் தைப்பூசம் வரை, எந்த நாளுக்கு எந்த ரயிலைத் தேடினேன், கிடைத்ததா, கிடைக்காவிட்டால் எப்படிப் போனோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்புகளோடு இந்த ரயிலைப் பற்றித் தெரிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். இவ்வளவு மலிவான டிக்கெட் ஏன் வேண்டிய நேரத்தில் கைக்கு வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

ரயிலும் கட்டணமும்

தெப்ராவ் ஷட்டில் என்ற இந்த ரயிலை மலேசியாவின் கேடிஎம் நிறுவனம் 2015 ஜூலை 1 முதல் ஓட்டுகிறது. ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடிக்கும் இடையில் மட்டும் போய்வரும். டீசல் எஞ்சின் இழுக்கும் பெட்டிகள். ஒரு நடைக்குச் சுமார் 320 பேர் உட்காரலாம். ஜோகூர் பாருவிலிருந்து வர 5 ரிங்கிட். உட்லண்ட்ஸிலிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி. கேடிஎம் செயலியில் ரிங்கிட்டில் பணம் கட்டும்போது இந்த 5 வெள்ளி 16 ரிங்கிட்டாக வருகிறது. அதாவது ஒரே பாதை, ஒரே பெட்டி, ஒரே ஐந்து நிமிடம். திசை மாறினால் விலை மூன்று மடங்கு.

இது எப்படி வந்தது என்று கேட்பவர்கள் பலர். 1973 மே மாதம் வரை மலேசிய டாலரும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கு ஒன்று. கோலாலம்பூரில் சம்பாதித்த பணத்தை அப்படியே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கலாம். அந்த ஏற்பாட்டிலிருந்து மலேசியா விலகியது. (புருணை இன்றுவரை சிங்கப்பூருடன் அதே ஏற்பாட்டில் இருக்கிறது.) நாணயங்கள் பிரிந்து போனாலும் ரயில் கட்டணப் பலகையில் எண் மாறவில்லை. ஜோகூரில் ஏறினால் எத்தனை ரிங்கிட்டோ, சிங்கப்பூரில் ஏறினால் அத்தனை வெள்ளி. வெள்ளியின் மதிப்பு ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறிக்கொண்டே போனது. சிங்கப்பூர் நகரில் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் இருந்த காலத்தில், கோலாலம்பூர் போகிறவர்கள் முதலில் பேருந்தில் ஜோகூர் பாரு போய் அங்கே ரிங்கிட்டில் டிக்கெட் எடுப்பது சகஜம். பணம் மிச்சமாகும். இன்றைய 5, 5 அந்தப் பழைய பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இந்த விலை வித்தியாசம் யாரை எப்படித் தொடுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். வார இறுதியில் ஜோகூருக்குச் சாப்பிடவும் சாமான் வாங்கவும் போகிற சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு 5 வெள்ளி பெரிய காசு இல்லை. தினமும் ஜோகூரிலிருந்து வேலைக்கு வந்து திரும்புகிறவருக்கு வரும்போது 5 ரிங்கிட், வீட்டுக்குப் போகும்போது 16 ரிங்கிட். ஒரு நாளைக்கு 21. மாதம் 22 வேலைநாள் என்றால் 462 ரிங்கிட். இதைத்தான் எங்கள் அக்கா கணக்குப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்.

அக்காவின் அக்டோபர்

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். உட்லண்ட்ஸ் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. காலை ஷிப்ட் ஏழரைக்கு. ரயில் கிடைத்தால் ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணியை ஒட்டிய ரயிலில் ஏறி, உட்லண்ட்ஸில் குடிநுழைவு முடித்து நேராகத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். கிடைக்காவிட்டால் நாலு மணிக்கே எழுந்து பேருந்து வரிசையில் நிற்க வேண்டும். பேருந்துக் கட்டணம் குறைவு. ஆனால் அந்த ஒரு மணிநேரத் தூக்கத்துக்கு அவர் போடும் விலை அதிகம்.

2025 அக்டோபரில் தீபாவளி போக 22 வேலைநாள். நாற்பத்துநாலு டிக்கெட் வேண்டும். என் நோட்டில் இருப்பது: காலை ரயில் 13 நாள் கிடைத்தது, மாலை ரயில் 9 நாள். மீதியெல்லாம் பேருந்து. காலைக்கு நாங்கள் முன்பதிவு தொடங்கியதுமே உட்கார்ந்துவிட்டோம், அதனால் பரவாயில்லை. மாலைக்குத்தான் சிக்கல். ஐந்தரை முதல் ஏழு வரை உள்ள ரயில்கள் வேலை முடிந்து திரும்பும் எல்லாருக்கும் வேண்டும். அக்காவுக்கோ ஓவர்டைம் உண்டா இல்லையா என்று முந்தின நாள்தான் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு மாலை ரயிலைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டிய டிக்கெட்டும், முந்தின நாள் மாறுகிற ஷிப்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை.

ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மாலை டிக்கெட் கையில் இருந்தது. ஐந்து மணிக்கு மேலாளர் வந்து இன்னும் இரண்டு மணிநேரம் இருக்கச் சொன்னார். அக்கா இருந்தார். டிக்கெட் போனது. இரவு ரயிலில் இடமில்லை. பேருந்தில் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கி, மறுபடி ஏறி, மறுகரையில் இறங்கி வீடு சேரப் பத்தரை ஆகிவிட்டது. போனில் என்னிடம், “பதினாறு ரிங்கிட் போனது போகட்டும்டா, அந்த ரயிலில் நான் உட்கார வேண்டிய சீட்டு காலியாகத்தானே போயிருக்கும்” என்றார். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்தை அவர் அன்றே சொல்லிவிட்டார்.

விற்றுத் தீர்ந்த ரயிலில் காலி இருக்கைகள்

‘டிக்கெட் இல்லை’ என்று காட்டிய ரயிலில் ஏறிப் பார்த்தால் அங்கங்கே காலி இருக்கைகள் இருக்கும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜோகூரிலிருந்து வரும் டிக்கெட் 5 ரிங்கிட். சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு காப்பியின் விலை. ஞாயிறு மாலை எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நிச்சயமில்லாத குடும்பம் நாலு மணிக்கு ஒன்று, ஐந்தரைக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்று மூன்று ரயிலுக்கும் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்றில் போகும், இரண்டை விட்டுவிடும். டிக்கெட் கடப்பிதழோடு (பாஸ்போர்ட்) கட்டப்பட்டது. பெயர், கடப்பிதழ் எண் எல்லாம் அதில் இருக்கும். விட்டுவிட்ட இருக்கையை இன்னொருவருக்குக் கைமாற்ற வழியில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நானும் பிள்ளைகளோடு போனபோது இரண்டு ரயிலுக்கு எடுத்திருக்கிறேன். அக்காவின் கணக்கைப் பார்த்த பிறகுதான் அதை நிறுத்தினேன். மலிவான டிக்கெட்டை மலிவு என்பதற்காகவே கூடுதலாக வாங்கி வைப்பவர் ஒரு பக்கம். அந்த மலிவை நம்பியே மாதச் செலவைத் திட்டமிடுபவர் இன்னொரு பக்கம். இருவருமே ஒரே 320 இருக்கைக்குத்தான் போட்டி போடுகிறார்கள். அதில் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செயலியைத் திறக்க நேரமுள்ளவருக்குத்தான் முதலில் கிடைக்கிறது.

கடப்பிதழோடு கட்டியிருப்பதால் கள்ளச் சந்தை பெருகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்காவோடு வேலை செய்யும் ஒரு பெண் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘டிக்கெட் இருக்கிறது’ என்று போட்டதைப் பார்த்துப் பணம் அனுப்பினார். வந்தது இன்னொருவர் பெயரில் இருந்த டிக்கெட்டின் படம். நுழைவாயிலில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஐந்து நிமிடப் பயணம், 75 நிமிட இடைவெளி

கூடுதலாக ரயில் விட்டால் தீர்ந்துவிடாதா? எல்லாரும் கேட்பது இதைத்தான். 2022 ஜூன் 19 அன்று, கொரோனாவுக்குப் பின் இரண்டு வருடத்துக்கும் மேல் நின்றிருந்த சேவை மீண்டும் தொடங்கியபோது வந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஜோகூரிலிருந்து 18 நடை, உட்லண்ட்ஸிலிருந்து 13 நடை. காலை ஐந்து முதல் ஏழரை வரை அரைமணிக்கு ஒரு ரயில் ஜோகூரிலிருந்து கிளம்புகிறது. அதன் பிறகு பகல் முழுக்க ஏறத்தாழ 75 நிமிடத்துக்கு ஒன்று.

ஐந்து நிமிட ஓட்டத்துக்கு எதற்கு 75 நிமிடம்? போக ஐந்து, வர ஐந்து. மீதி அறுபத்தைந்து நிமிடமும் ரயில் ஓடுவதில்லை. கடப்பிதழ்தான் ஓடுகிறது. ஜோகூரிலிருந்து வருபவர் ஜேபி சென்ட்ரலில் மலேசியக் குடிநுழைவை முடித்து ஏறுகிறார். உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூர்க் குடிநுழைவு. உட்லண்ட்ஸிலிருந்து போகிறவர் ஏறுவதற்கு முன்பே இரண்டு நாட்டுச் சோதனையையும் அங்கேயே முடித்துவிட வேண்டும். முந்நூறு பேர் இறங்கி வெளியேற வேண்டும், இன்னொரு முந்நூறு பேர் இரண்டு சோதனையையும் தாண்டி உள்ளே வர வேண்டும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். கடற்பாலத்தில் தண்டவாளம் ஒற்றை வழி என்பதால் ஒன்று போய்ச் சேராமல் எதிரே இன்னொன்று வரவும் முடியாது.

18-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பயணிகளோடு வருவது பதினெட்டு, பயணிகளோடு போவது பதின்மூன்று. அப்படியானால் ஐந்து நடை திரும்பும்போது பயணிகள் இல்லாமல் போகிறது. விடியற்காலையில் வேலைக்கு வருகிறவர்களைக் கூடியவரை சீக்கிரம் கொண்டுவந்து இறக்குவதற்காக அந்த நேரத்தில் எதிர்த்திசை விற்பனையே கிடையாது. வேலைக்கு வருகிறவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது, எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மாலையில் அவர்களைத் திருப்பி அனுப்ப அதே அரைமணி இடைவெளி கிடையாது. அக்காவுக்குக் காலை 13 நாளும் மாலை 9 நாளும் கிடைத்ததன் காரணம் இந்த அட்டவணையிலேயே இருக்கிறது.

மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 31 நடை, நடைக்கு 320 என்றால் ஒரு நாளைக்கு 9,920 இருக்கை, இரண்டு திசைக்கும் சேர்த்து. கடற்பாலத்தைத் தினமும் தாண்டுபவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். விழாக்காலத்தில் கேடிஎம் கூடுதல் நடைகள் விடுவதுண்டு. நாலைந்து நடை கூடினால் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவே.

பெரியம்மாவின் பயணம்

இனி நல்லபடியாக நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். பேருந்தில் அவரைக் கூட்டிவர முடியாது. மூட்டை முடிச்சோடு இறங்கி, மின்படியில் ஏறி, வரிசையில் நின்று, மறுபடி பேருந்துக்கு இறங்கி, இதையே மறுகரையிலும் செய்ய வேண்டும். கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ரயில் டிக்கெட் தேடியபோது நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை நண்பகலில் ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் வரும் ரயிலில் தாராளமாக இடம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அன்று ஊரே சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்குப் போகிறது. பெரியம்மா எதிர்த்திசையில் வருகிறார். திரும்பிப் போகச் செவ்வாய்க்கிழமை பகல் ரயில். விடுமுறை முடிந்து எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட நாள், அதுவும் எளிதாகக் கிடைத்தது. போக 16, வர 5, மொத்தம் 21 ரிங்கிட்டில் ஒரு வயதானவர் உட்கார்ந்தபடி எல்லையைத் தாண்டி வந்து திரும்பினார்.

உட்லண்ட்ஸில் நான் போய் நின்றேன். பெரியம்மாவின் கையில் துணிப்பை, அதில் டப்பாவில் நெய்யுருண்டை. வெளியே வந்ததும் முதலில் கேட்டது, “இவ்வளவுதானா? நான் இன்னும் சீட்டில் சரியாகச் சாயக்கூட இல்லையே!” கடைசியாக அவர் ரயிலில் சிங்கப்பூர் வந்தது தஞ்சோங் பகாருக்கு. 2011 ஜூன் 30 இரவு, ஜோகூர் சுல்தான் இப்ராகிம் தாமே கடைசி ரயிலை ஓட்டிப் போனார். அதோடு 1932-ல் திறந்த அந்த நிலையம் மூடியது. அதற்கு முந்தைய பதின்மூன்று வருடமும் சோதனை முறையே விசித்திரமாக இருந்தது. சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை 1998-ல் உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது, மலேசியா தஞ்சோங் பகாரிலேயே வைத்திருந்தது. ஊருக்குப் போகிறவர் நகர நடுவில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டு, அரைமணி கழித்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவார். பெரியம்மாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் எங்கள் நாலு பேருக்கும் அதற்கு முந்தைய வாரம் ஜோகூர் போய்த் துணிமணியும் முறுக்கு அச்சும் வாங்க எடுத்த முயற்சி தோற்றுப்போனது. சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸிலிருந்து ஒரு ரயிலிலும் நாலு இருக்கை சேர்ந்தாற்போல் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி இரண்டு ரயிலில் இரண்டிரண்டாகப் பிடித்தேன். கிளம்புவதற்கு முந்தின இரவு கடப்பிதழ்களை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன்: சின்னவனின் கடப்பிதழை ஆகஸ்டில் புதுப்பித்திருந்தோம், டிக்கெட்டில் இருந்தது பழைய எண். அது என் கவனக்குறைவுதான். வாசலில் போய்ப் பிள்ளையோடு திரும்பி வர மனமில்லாமல் அவனும் நானும் பேருந்தில் போனோம், மற்ற இருவரும் ரயிலில். அவர்கள் ஜோகூரில் காலைச் சாப்பாட்டை முடித்து இரண்டு கடை ஏறி இறங்கிய பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

கோலாலம்பூர் வரை போகிறவருக்கு

2011 முதல் 2015 வரை உட்லண்ட்ஸில் ஏறினால் கோலாலம்பூரில் இறங்கலாம்; ஒரே டிக்கெட், ஒரே இருக்கை. தெப்ராவ் ஷட்டில் வந்த அன்றே நெடுந்தூர ரயில்கள் ஜேபி சென்ட்ரலோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போகிறவருக்கு இரண்டு டிக்கெட் வேண்டும். எல்லை தாண்ட ஒன்று, அப்பால் போக ஒன்று. ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காமல் போகலாம். முதலாவதைத் தவறவிட்டால் இரண்டாவதும் போய்விடும். இதற்கிடையில் 2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து வரும் இடிஎஸ் மின்ரயில் ஜோகூர் பாரு வரை வந்துவிட்டது. சுமார் நாலரை மணிநேரத்தில் போய்விடலாம். ரயிலில் போகும் ஆசை எல்லாருக்கும் கூடிவிட்டது. எல்லையைத் தாண்டும் ரயில் மட்டும் பழைய அளவில்தான் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டுமானத் துறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், 2026 தைப்பூசத்துக்கு (பிப்ரவரி 1, ஞாயிறு) கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலை முருகன் கோயிலுக்குப் போக விரும்பினார். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா விலக்கு தந்திருப்பதால் விசா பிரச்சினை இல்லை. மின்னிலக்க வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். கோலாலம்பூர் ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. ஷட்டிலில் கிடைக்கவில்லை. கோலாலம்பூர் டிக்கெட்டை விட மனமில்லாமல் பேருந்தில் எல்லை தாண்டுவது என்று முடிவுசெய்து, ஐந்து மணிநேரம் முன்னதாகவே கிளம்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்து, ஜேபி சென்ட்ரல் தரையில் பையைத் தலைக்கு வைத்து மூன்று மணிநேரம் படுத்திருந்து ரயில் ஏறினார். பால்குடம் எடுக்கிறவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இப்படி இரண்டு டிக்கெட் எடுக்கிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. ஷட்டிலில் போனால் இரண்டு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுகிறது. ஜேபி சென்ட்ரலில் இறங்கி மேலே ஏறினால் அடுத்த ரயிலுக்கான இடம் அங்கேயே. ஒன்றரை மணி இடைவெளி வைத்தால் நிம்மதியாக இருக்கலாம். பேருந்து என்றால் விழாக்காலத்தில் நாலு மணி வைத்தாலும் பதற்றம்தான். அதனால் முதலில் ஷட்டிலை எடுத்துவிட்டு, அதற்குப் பொருத்தமாகக் கோலாலம்பூர் ரயிலைத் தேடுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்துவிட்டோம்.

என் நோட்டிலிருந்து

எங்களுக்குப் பலன் தந்தவை அதிகமில்லை, ஆனால் நிச்சயமாகப் பலன் தந்தன. எல்லாருடைய கடப்பிதழ் விவரமும் முன்கூட்டியே செயலியில் சரியாக இருக்க வேண்டும். புதுப்பித்த அன்றே மாற்றிவிட வேண்டும். கேடிஎம் வாலட்டில் முன்பே பணம் போட்டு வைத்தால், வங்கியின் கடவு எண்ணுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடம் மிச்சம். நாலு பேருக்குச் சேர்த்துத் தேடி இல்லையென்றால் இரண்டிரண்டாகத் தேடிப் பார்க்கலாம். பயண நாளுக்கு முந்தின இரவும் அன்று காலையும் ஒருமுறை பார்த்தால் ஒன்றிரண்டு இருக்கைகள் வந்து நிற்கும். அக்காவின் ஒன்பது மாலையில் மூன்று அப்படிக் கிடைத்ததுதான். ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசல் மூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) நிலையத்தை ஒட்டி இல்லை. மார்சிலிங்கிலிருந்து நடக்கவோ பேருந்தில் வரவோ அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஆர்டிஎஸ் வந்தால்

ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே நாலு கிலோமீட்டர் நீள ஆர்டிஎஸ் ரயில் இணைப்புக்கான வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. ஒரு திசையில் ஒரு மணிநேரத்துக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும். தெப்ராவ் ஷட்டில் 31 நடையில் நாள் முழுக்க இரு திசையிலும் சுமப்பதை அது ஒரே திசையில் ஒரு மணிநேரத்தில் சுமந்துவிடும். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே. அது தொடங்கியதும் ஆறு மாதத்துக்குள் ஷட்டில் நின்றுவிடும் என்பது இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாடு.

அக்காவுக்கு இதில் பெரிய நம்பிக்கை. ஓவர்டைம் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் ரயில் இருக்கும் என்பதே அவருக்குப் போதும். என் கவலை கட்டணத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் எஸ்எம்ஆர்டியும் மலேசியாவின் பிரசரானாவும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் சந்தை நிலவரத்தைப் பார்த்துத் தானே கட்டணத்தை முடிவுசெய்யும் என்று சொல்லியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கும் தினசரித் தொழிலாளிக்கும் ஒரே கட்டணம் என்றால், அக்காவைப் போன்றவர்களுக்கு இப்போது இடமில்லாமல் போவது அப்போது காசில்லாமல் போவதாக மாறிவிடும். தினமும் வருகிறவர்களுக்கு மாதச் சீட்டு வேண்டும், அதுவும் திசைக்கொரு விலையாக இல்லாமல். இதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும், கட்டணப் பலகை எழுதி முடித்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று என்ற பழைய கட்டணம் நாணயம் பிரிந்து ஐம்பது வருடம் ஆகியும் மாறாமல் நிற்பதை நாம்தான் பார்க்கிறோமே.

அதுவரைக்கும் ஷட்டில்தான். அடுத்த மாதத்துக்கு அக்காவுக்குக் காலை டிக்கெட் எல்லாம் எடுத்தாயிற்று, மாலையில் இன்னும் ஏழு நாள் பாக்கி. பிள்ளைகள் தூங்கிய பிறகு இன்றிரவு மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.